விமானப் பயணத்தின் கார்பனை ஆன்லைனில் ஈடுகட்டலாமா? பணம் கட்டும் முன் வில்லங்கம் பாருங்கள்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பேத்தியைப் பார்க்கச் சென்னையிலிருந்து லண்டன் போய்வர டிக்கெட் போட்டிருக்கிறீர்கள். பயணத்தில் வெளியாகும் கார்பன் அளவுக்கு வேறெங்கோ கார்பனைக் குறைக்கப் பணம் கட்டி ஈடுகட்டிவிடலாம் என்று மகள் இரண்டு தளங்களைக் காட்டியிருக்கிறார். ஒன்று 400 ரூபாய் கேட்கிறது, மற்றொன்று கிட்டத்தட்ட 9,000 ரூபாய். ஒரே ஆள், ஒரே விமானம். இவ்வளவு வித்தியாசம் எப்படி, இதில் எது ஏமாற்று, பணம் கட்டலாமா என்பது உங்கள் கேள்வி.

கட்டலாம். ஆனால் கட்டியவுடன் உங்கள் பயணத்தின் புகை கரைந்துபோய்விட்டது என்று மட்டும் எண்ண வேண்டாம். எங்கோ நடக்கும் ஒரு வேலைக்கு நன்கொடை கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அந்த வேலை உண்மையாகவே நடக்கிறதா என்று பார்ப்பதுதான் சிரமம். இத்தகைய திட்டங்களின் ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவன் நான், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் அளவு. சென்னைக்கும் லண்டனுக்கும் வானவழியில் சுமார் 8,200 கிலோமீட்டர். சாதாரண வகுப்பில் போய்வந்தால், எரிபொருள் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒருவர் பங்குக்கு 1 டன்னும் அதற்குச் சற்று மேலும் கார்பன் டை ஆக்சைடு வரும். வீட்டுக் கணக்கில் சொன்னால் இது எளிதில் பிடிபடும். 14.2 கிலோ சமையல் கேஸ் சிலிண்டர் ஒன்று முழுதாக எரிந்தால் சுமார் 42 கிலோ. பயணத்தை 1.2 டன் என்று வைத்துக்கொண்டால் அது 28 சிலிண்டர், சிறிய குடும்பத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று வருஷச் சமையல். இந்தியர் ஒருவரின் சராசரி ஆண்டு உமிழ்வே 2 டன் அளவில்தான் இருக்கிறது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கணிப்பான் இந்த எரிபொருள் புகையோடு நிறுத்திக்கொள்ளும். ஜெர்மனியின் அட்மோஸ்ஃபேர் போன்ற தளங்கள் அதோடு விடுவதில்லை. விமானம் உயரத்தில் விட்டுச்செல்லும் வெண்கோடுகள், நைட்ரஜன் ஆக்சைடுகள் எல்லாம் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடைவிட அதிகமாகச் சூடேற்றுகின்றன என்பது ஆய்வுகள் ஒப்புக்கொண்ட விஷயம். அதனால் 9 கிலோமீட்டருக்கு மேலே வெளியாகும் புகையை அவர்கள் 3 மடங்காக எண்ணுகிறார்கள். உங்கள் 1.2 டன் அங்கே 3 டன்னைத் தாண்டிவிடும். பிசினஸ் வகுப்பு என்றால் படுக்கை பிடிக்கும் இடத்துக்கும் சேர்த்து மறுபடி மூன்று மடங்கு அளவில் ஏறும். ஆக, இரண்டு கணிப்பான்களும் பொய் சொல்லவில்லை. ஒன்று அடிப்படைச் சம்பளத்தை மட்டும் சொல்கிறது, மற்றது படிகள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறது.

மீதி வித்தியாசம் டன்னுக்கு என்ன விலை என்பதில் இருக்கிறது. பழைய காற்றாலைத் திட்டங்களின் கிரெடிட் டன்னுக்கு ஓரிரு டாலருக்குக்கூட விற்றிருக்கிறது. நல்ல பெயருள்ள தளங்கள் வீட்டு அடுப்பு, சாண எரிவாயு போன்ற திட்டங்களுக்கு 20, 30 யூரோ கேட்கின்றன. ஐஸ்லாந்தில் 2021இல் திறந்த ஓர்க்கா ஆலை காற்றிலிருந்தே கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சித் தண்ணீரில் கரைத்துப் பாறைக்குள் இறக்குகிறது. அதை நடத்தும் கிளைம்வொர்க்ஸ் மாதச் சந்தா முறையில் தனிமனிதர்களுக்கும் விற்றது. விலை டன் ஆயிரம் டாலர் அளவில். கத்திரிக்காயில் இருக்கும் விலை வித்தியாசம் இல்லை இது, கத்திரிக்காய்க்கும் தங்கத்துக்கும் உள்ள வித்தியாசம். மூன்றுக்கும் பெயர் மட்டும் ஒன்று: 1 டன் கார்பன் கிரெடிட்.

சரி, அந்தக் கிரெடிட் என்பது என்ன? எங்கோ ஒரு திட்டம் 1 டன் உமிழ்வைக் குறைத்தது என்று ஒரு தணிக்கையாளர் சான்று சொல்ல, ஒரு பதிவேட்டில் அதற்கு வரிசை எண் போட்டு ஏற்றுகிறார்கள். பெரிய பதிவேடுகள் இரண்டு: வாஷிங்டனிலிருந்து இயங்கும் வெர்ரா, ஜெனீவாவில் உள்ள கோல்டு ஸ்டாண்டர்டு. இரண்டாவதை 2003இல் உலக இயற்கை நிதியமும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து தொடங்கின. நீங்கள் பணம் கட்டும் தளம் பெரும்பாலும் ஒரு தரகர்தான். அது உங்கள் பணத்தில் கிரெடிட்டை வாங்கி, பதிவேட்டில் ரிட்டயர் செய்ய வேண்டும். ரிட்டயர் செய்யப்பட்ட கிரெடிட்டை யாரும் மறுபடி விற்க முடியாது. அதைச் செய்யாதவரை நீங்கள் எதையும் ஈடுகட்டவில்லை.

நிலம் வாங்கும்போது நாம் என்ன செய்வோம்? விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வழவழப்பான தாளில் வரைபடம் காட்டினாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டோம். இங்கேயும் அதே புத்திதான் வேண்டும். இந்தப் பதிவேடுகள் இணையத்தில் யாரும் பார்க்கும்படி திறந்தே இருக்கின்றன. வரிசை எண்ணைப் போட்டால் எந்தத் திட்டம், எந்த ஆண்டு, எப்போது ரிட்டயர் ஆனது, யார் பெயரில் என்று எல்லாம் வரும்.

நானே ஒருமுறை வில்லங்கம் பார்க்காமல் மாட்டியிருக்கிறேன். இந்த வேலைக்குள் வருவதற்கு முன்பு, ஒரு தளத்தில் பணம் கட்டினேன். பச்சை இலை ஓரம் போட்ட அழகான சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. என் பெயர் இருந்தது, 2 டன் என்று இருந்தது, வரிசை எண் மட்டும் இல்லை. கேட்டு எழுதினேன். மொத்தமாக வாங்கி வைத்திருக்கிறோம், தனித்தனியாக எண் தருவதில்லை என்று பதில். மொத்தத்தின் எண்ணையாவது கொடுங்கள் என்றேன். அதற்குப் பிறகு பதிலே இல்லை. மொத்தமாக ரிட்டயர் செய்வதில் தவறில்லை. நல்ல தளங்களும் செய்கின்றன, ஆனால் அவை எவ்வளவு விற்றோம், எவ்வளவு ரிட்டயர் செய்தோம் என்று ஆண்டறிக்கையில் சொல்லும்.

வில்லங்கம் சுத்தமாக இருந்தாலும் இன்னொரு கேள்வி பாக்கி. என்னைக் கேட்டால் இதுதான் பெரியது. உங்கள் பணம் வராவிட்டாலும் அந்த வேலை நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்றால் நீங்கள் எதையும் மாற்றவில்லை.

நம் ஊர்க் காற்றாலையையே எடுத்துக்கொள்வோம். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பல்லடம், உடுமலைப் பக்கமும் நிற்கும் காற்றாலைகளில் நிறைய நூற்பாலைக்காரர்கள் போட்டவை. கியோட்டோ காலநிலை உடன்பாட்டின் கீழ், வளரும் நாடுகளின் திட்டங்களுக்குக் கிரெடிட் கொடுக்க வந்த தூய்மை வளர்ச்சித் திட்டம், அதாவது சிடிஎம், 2000களில் சூடுபிடித்தபோது, நூற்பாலைகளின் காற்றாலைகளை ஒரே கட்டாகக் கட்டிப் பதிவு செய்த திட்டங்களும் வந்தன. கிரெடிட் பிறந்து ஐரோப்பாவுக்குப் போனது. இப்போது ஆலை முதலாளி இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். சொந்தக் காற்றாலை இருந்தால் மின்கட்டணம் குறையும். மின்வெட்டுக் காலத்தில் அதற்குத் தனி மதிப்பு. வருமான வரியில் முதல் ஆண்டிலேயே 80 சதவீதத் தேய்மானம் காட்டலாம் என்ற சலுகை வேறு இருந்தது. இத்தனைக்கும் மேலே கிரெடிட் விற்ற காசு என்பது சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வெற்றிலை பாக்கு. அது கிடைக்காது என்பதற்காக யாராவது சாப்பிடாமல் எழுந்து போவார்களா?

இது என் ஊகம் மட்டும் இல்லை. இந்தியக் காற்றாலைகளை வைத்தே பொருளாதார அறிஞர்கள் சிலர் 2021இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிடிஎம் ஆதரவு பெற்றவற்றையும், பெறாமல் அதேபோன்ற இடங்களில் எழுந்தவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒப்புதல் பெற்ற கிரெடிட்டுகளில் குறைந்தது 52 சதவீதம், எப்படியும் கட்டப்பட்டிருக்கக்கூடிய திட்டங்களுக்குப் போயிருக்கிறது என்று முடிவு வந்தது. ஆவணங்களைப் பார்த்த எனக்கு அது வியப்பாக இல்லை. கிரெடிட் வருமானம் இல்லாவிட்டால் திட்டம் கட்டுப்படியாகாது என்று நிரூபிக்கும் எக்செல் தாள்கள் எல்லாம் விசித்திரமாக ஒரே மாதிரி இருக்கும். லாப விகிதம் வரம்புக்குக் கீழே இம்மி அளவு குறைந்து நிற்கும். கடைசியில் வெர்ராவும் கோல்டு ஸ்டாண்டர்டும் பெரும்பாலும் மிகவும் பின்தங்கிய நாடுகளைத் தவிர வேறெங்கும் மின்கட்டமைப்போடு இணைந்த புதிய காற்றாலை, சூரியமின் திட்டங்களைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தன. ஆனால் முன்பே சேர்ந்தவற்றின் கிரெடிட் இன்னும் சந்தையில் கிடைக்கிறது. உங்களுக்கு 400 ரூபாய் சொன்ன தளம் விற்பது இந்த ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மரம் நடுவது? அதற்கும் பக்கத்து மாநிலத்திலேயே ஒரு கதை இருக்கிறது. 2002இல் கோல்டுபிளே என்ற பிரிட்டிஷ் இசைக்குழு, தன் இரண்டாவது ஆல்பத்தைத் தயாரித்ததில் வந்த கார்பனுக்கு ஈடாகக் கர்நாடகத்தில் 10,000 மாங்கன்றுகள் நடப்படும் என்று அறிவித்தது. ஃபியூச்சர் ஃபாரஸ்ட்ஸ் என்ற லண்டன் நிறுவனம் ஏற்பாடு செய்தது. ரசிகர்களும் இணையத்தில் 17.50 பவுண்டு கட்டி அந்தக் காட்டில் ஒரு கன்றைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளலாம், சான்றிதழ் வரும். 2006இல் லண்டன் செய்தித்தாள் ஒன்றின் நிருபர் குடிபண்டே பக்கம் போய்ப் பார்த்தபோது, நிறையக் கன்றுகள் பட்டுப்போயிருந்தன. தண்ணீருக்கும் பராமரிப்புக்கும் வருவதாகச் சொன்ன பணம் வரவில்லை என்று விவசாயிகள் சொன்னார்கள். மாங்கன்று வைத்தவர் யாருக்கும் தெரியும், முதல் இரண்டு மூன்று கோடைக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். லண்டனில் கணக்குப் போட்டவர்கள் கன்றின் விலையைப் போட்டார்கள், குடத்தின் விலையைப் போடவில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு இதன் பக்கத்துக் கதைதான் முக்கியம். குடிபண்டேவை ஒட்டிய தாலுகா பாகேபள்ளி. அதே வறட்சி, அதே செம்மண். அங்கே கூலிக்காரர்களின் சங்கம் ஒன்று, தன் உறுப்பினர் குடும்பங்களுக்கு 5,500 சாண எரிவாயுக் கலங்கள் கட்டும் திட்டத்தைச் சிடிஎம்மில் பதிவு செய்தது. ஒவ்வொன்றும் 2 கன மீட்டர். இரண்டு மூன்று மாடு உள்ள வீடு, காலையில் சாணியைக் கரைத்து ஊற்றினால் சமையலுக்கு எரிவாயு வரும், மிஞ்சிய கரைசல் வயலுக்கு உரம். விறகும் மண்ணெண்ணெயும் மிச்சம். கலம் கட்டும் காசு அந்தக் குடும்பங்களிடம் இல்லை, எந்த வங்கியும் கொடுக்கப் போவதில்லை. கிரெடிட் பணத்தை நம்பித்தான் கட்டினார்கள். அது வராவிட்டால் கலம் இல்லை. மேலே கேட்ட கேள்விக்கு இங்கே நேரான பதில் கிடைக்கிறது. இன்னொன்றும் உண்டு. மாங்கன்று செத்தால் லண்டனுக்குத் தெரிய நாலு வருஷம் ஆனது. கலத்தில் எரிவாயு வராவிட்டால் மறுநாள் காலையிலேயே அந்த வீட்டு அம்மா சங்கத்துக்கு வந்து சத்தம் போடுவார்.

அதற்காகச் சமையலறைத் திட்டம் என்றாலே நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புகையில்லா அடுப்புத் திட்டங்கள் பலவற்றில் வேறு கோளாறு. புது அடுப்பைக் கொடுத்த நாளிலிருந்து பழைய அடுப்பு அணைந்துவிட்டது என்று கணக்கு எழுதுகிறார்கள். நம் வீடுகளில் கேஸ் வந்த பிறகும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் பின்கட்டில் விறகு அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. 2024 ஜனவரியில் வந்த ஓர் ஆய்வு, தான் பரிசோதித்த அடுப்புத் திட்டங்கள் உண்மையில் குறைத்ததைப்போல 9 மடங்கு கிரெடிட் வாங்கியிருக்கின்றன என்று காட்டியது. அதே ஆய்வில் ஓரளவு நன்றாகத் தேறியவை, வீட்டில் எவ்வளவு எரிகிறது என்று மீட்டர் வைத்து அளக்கும் திட்டங்கள்.

காடு காப்பு கிரெடிட்டுகள் இதைவிடச் சிக்கல். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, என் தோப்பில் பத்து மரம் வெட்டுவதாக இருந்தேன், உங்களுக்காக விட்டுவிட்டேன், பத்து மரத்துக்குக் காசு கொடுங்கள் என்றால் எப்படி இருக்கும்? அவர் வெட்டுவதாக இருந்தாரா, பத்தா இரண்டா என்று எப்படிப் பார்ப்பது? 2023இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, பல நாடுகளின் காடு காப்புத் திட்டங்களைச் செயற்கைக்கோள் தரவோடு ஒப்பிட்டது. எதிர்பார்க்கப்பட்ட 8.9 கோடி கிரெடிட்டுகளில் 6 சதவீதத்துக்குத்தான் உண்மையான குறைப்பு இருந்தது. பிரிட்டனின் கார்டியன், ஜெர்மனியின் டீ ட்சைட் பத்திரிகைகளும் அந்த ஆண்டு இதையே பெரிதாக எழுதின. வெர்ரா மறுத்தது, ஆனாலும் தன் கணக்கிடும் முறையை மாற்றிக்கொண்டது.

பணமே கட்டாமல் ஒரு வழி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆட்களின் எண்ணிக்கையில் உலகிலேயே பெரியது அதுதான். சீனாவின் அலிபே செயலிக்குள் 2016 ஆகஸ்டில் ஆன்ட் ஃபாரஸ்ட் என்று ஒரு விளையாட்டு வந்தது. நடந்து போனால், மெட்ரோவில் போனால், பில்லை ஆன்லைனில் கட்டினால் கிராம் கணக்கில் பச்சைப் புள்ளிகள் சேரும். 17.9 கிலோ சேர்ந்தால் உள்மங்கோலியா, கான்சுப் பக்கத்து வறண்ட நிலத்தில் சக்சால் என்ற பாலைப் புதர்மரம் ஒன்றை நிஜமாகவே நடுவார்கள், செலவு நிறுவனத்துடையது. இதில் சூட்சுமம் ஒன்று. உங்கள் புள்ளி காலையில் பழுக்கும். நீங்கள் எழுந்து பறிக்காவிட்டால் நண்பர்கள் வந்து திருடிக்கொள்ளலாம். அவ்வளவுதான், கோடிக்கணக்கான பேர் அலாரம் வைத்து எழுந்து ஒருவர் மரத்தை ஒருவர் திருட ஆரம்பித்தார்கள். 2019இல் ஐநா சுற்றுச்சூழல் திட்டம் இதற்கு விருது கொடுத்தபோது 50 கோடிப் பயனர்கள், 12 கோடிக்கு மேல் மரங்கள் என்று கணக்கு. வறண்ட நிலத்தின் நிலத்தடி நீர் இத்தனை மரத்தைத் தாங்குமா என்ற கேள்வியும், ஜனங்கள் செயலியை விட்டுப் போகாமல் இருக்கத்தானே இதெல்லாம் என்ற கேள்வியும் உடனே வந்தன, இரண்டும் நியாயமானவை. இருந்தாலும் அங்கே யாரும் உன் விமானப் பயணம் கழிந்துவிட்டது என்று சான்றிதழ் எழுதித் தருவதில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

ஈடுகட்டல் தளங்களைக் கேலி செய்யவே 2007இல் பிரிட்டனில் ஒரு தளம் வந்தது, பெயர் சீட் நியூட்ரல். நீங்கள் துணைக்குத் துரோகம் செய்துவிட்டீர்களா, 2.50 பவுண்டு கட்டுங்கள், எங்கோ இன்னொரு ஜோடி ஒழுங்காக இருக்க அந்தப் பணத்தைக் கொடுக்கிறோம், உலகத்தில் துரோகத்தின் மொத்த அளவு ஏறாது என்றது. நம் ஊரில் இதை விளக்கவே வேண்டாம். தப்பைச் செய்துவிட்டுப் பரிகாரத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்பவரை நமக்கு நன்றாகத் தெரியும்.

விமான நிறுவனங்களே இப்போது கொஞ்சம் பின்வாங்கிவிட்டன. எல்லாப் பயணத்தையும் நாங்களே ஈடுகட்டுகிறோம் என்று 2019இல் அறிவித்த ஈசிஜெட் 2022இல் அதைக் கைவிட்டது. கேஎல்எம் செய்த விளம்பரங்கள் பயணிகளைத் தவறாக வழிநடத்துகின்றன என்று ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் 2024 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. ஈடுகட்டலை மட்டும் வைத்து ஒரு பொருளைக் கார்பன் நடுநிலை என்று விளம்பரம் செய்வதற்கு ஐரோப்பிய ஒன்றியமே தடை கொண்டுவந்திருக்கிறது. 2026 செப்டம்பரிலிருந்து அது அமல்.

இப்போது உங்கள் பயணத்துக்கு வருவோம். பேத்தியைப் பார்க்கப் போகாதீர்கள் என்று சொல்லும் கல்நெஞ்சம் எனக்கில்லை. முடிந்தால் நேரடி விமானத்தில் போங்கள். இடையில் இறங்கி ஏறுவது பெரும்பாலும் தூரத்தையும் கூட்டும், மேலே ஏறும்போது எரியும் எண்ணெயையும் கூட்டும். இரண்டு தடவை பத்துப் பத்து நாள் போவதைவிட ஒரே தடவை இரண்டு மாதம் இருந்துவிட்டு வாருங்கள். மகளுக்கும் அதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாது.

சொந்த வீடும் மொட்டைமாடியும் இருந்தால், கையில் இருக்கும் காசுக்கு முதல் வேலை சோலார். 1 கிலோவாட் பலகை நம் வெயிலுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 யூனிட் தரும். நம் மின்கட்டமைப்பில் யூனிட்டுக்கு 0.7 கிலோவுக்குச் சற்று மேலே கார்பன் என்பதால் அது 1 டன். பிரதமர் சூரியவீடு திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியமும் இருக்கிறது. நடக்குமா நடக்காதா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. மாடிக்கு ஏறிப் பார்த்தால் தெரியும்.

அதற்கு மேலும் தளத்தில் கட்டத் தோன்றினால், 400 ரூபாய்க்காரரை விட்டுவிடுங்கள். திட்டத்தின் பெயரையும் ஊரையும் சொல்லும் தளமாகப் பாருங்கள். கோல்டு ஸ்டாண்டர்டின் சொந்தச் சந்தைப் பக்கத்தில் திட்டத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். மரத்தைவிட, காட்டைவிட, வீட்டில் அன்றாடம் பயன்படும், பயன்பாட்டை அளக்கும் திட்டமாக எடுங்கள். கிரெடிட் பிறந்த ஆண்டு பத்து வருஷப் பழசாக இருந்தால் வேண்டாம். எத்தனை டன்னுக்கு என்றால், 1.2க்கும் 3க்கும் சண்டை போடாமல் கூடுதலான அளவையே வைத்துக்கொள்ளுங்கள், மேலே சொன்ன ஆய்வுகளைப் பார்த்த பிறகு தாராளமாக இருப்பதில் நஷ்டமில்லை. மரம் நட்டுப் படம் அனுப்பும் இந்தியத் தளங்களும் இருக்கின்றன. பேத்தி பிறந்தநாளுக்கு அது நல்ல பரிசு, ஆனால் அந்தச் சான்றிதழ் கார்பன் கிரெடிட் அல்ல, டன் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பணம் கட்டிய பிறகு பதிவேட்டின் ரிட்டயர்மென்ட் பக்கத்துக்கு ஓர் இணைப்பு வர வேண்டும். வந்தால் திறந்து வரிசை எண், தேதி, பயனாளி என்ற கட்டத்தில் இருக்கும் பெயர் மூன்றையும் சரிபாருங்கள். ஒரு வாரத்தில் வரவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள். அந்தக் கட்டத்தில் நீங்கள் சொல்லும் பெயரைத்தான் போடுவார்கள், பேத்தியின் பெயரையே கொடுத்தாலும் சரி.